ஒரு தடவை லீவரை இழுத்தால் ரைஃபிள் காலியாகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பிதழில் லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் பற்றி வந்த அரைப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். விசைக்கு அடியில் இருக்கும் நெம்புகோலை, அதாவது லீவரை, கையால் இறக்கி ஏற்றி இயக்குகிற வகை அது. தமிழ்ப் பத்திரிகையில் இந்தப் பொருளைப் பற்றி ஒரு வரி வருவதே அபூர்வம் என்பதால் ஆசையோடுதான் படித்தேன். நான்காவது பத்திக்கு வந்ததும் பேப்பரைக் கீழே வைத்துவிட்டேன். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு இந்த வகை மிகவும் சுலபம் என்று சொல்லிவிட்டு, துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் ஒரு தடவை லீவரை இறக்கி ஏற்றிப் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

அது தவறு. சின்னத் தவறு என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இதை நம்பி ஒருவர் செய்தால், காலியாக இருந்த சேம்பருக்குள், அதாவது சுடுவதற்குத் தோட்டா போய் உட்காரும் பேரலின் பின்முனை அறைக்குள், ஒரு தோட்டா ஏறி, சுத்தியும் தானாகப் பின்னுக்கு இழுபட்டு நிற்கும். சுடத் தயாரான ரைஃபிளைக் கையில் வைத்துக்கொண்டு, காலி துப்பாக்கி என்று நினைத்துக்கொண்டிருப்பார் அவர்.

நான் முப்பத்தோரு வருடம் லேத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பதினான்கு மாதத்துக்கு முன் முறைப்படி உரிமம் வாங்கி, புதிதாக ஒரு லீவர் ரைஃபிள் வாங்கினேன். சுடுதளத்தில் காகித இலக்கைச் சுடுவதற்கு மட்டும்தான். வேட்டையில் எனக்கு விருப்பம் கிடையாது. வாரம் ஒரு நாள் காலையில் போவேன், ஐம்பது தோட்டா சுடுவேன், வருவேன். இவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி சம்பந்தப்பட்ட அனுபவம் எனக்கு நேரடியாகவே இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில், ஏன் தவறு என்று சொல்லிவிடுகிறேன். இந்த ரைஃபிள்களில் பெரும்பாலானவற்றில் பேரலுக்கு அடியில், அதை ஒட்டினாற்போல் ஒரு மெல்லிய குழாய் ஓடும். அதுதான் மேகசின். தோட்டாக்கள் அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். முன்பக்கம் ஒரு நீள ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் நுனியில் தொப்பி மாதிரி ஒரு சின்ன உருளை. அதுதான் தோட்டாக்களை நம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே வரும். ஃபாலோயர் என்பார்கள். நான் தள்ளி என்றே எழுதுகிறேன். லீவரைக் கீழே இறக்கினால், சேம்பரைப் பின்னாலிருந்து அடைத்து நிற்கும் போல்ட் பின்னுக்கு வந்து சேம்பரில் இருப்பதை வெளியே எறியும். சுத்தியும் அதே ஓட்டத்தில் பின்னுக்குச் சாய்ந்துவிடும். குழாயிலிருந்து வந்த அடுத்த தோட்டாவைத் தூக்கி என்ற பகுதி மேலே தூக்கிக் கொடுக்கும். லீவரை ஏற்றினால் போல்ட் அதைச் சேம்பருக்குள் தள்ளிப் பூட்டும். ஒரு கை அசைவில் இத்தனையும் நடக்கிறது. அந்த ரைஃபிளின் அழகே அதுதான். ஆபத்தும் அதுவே. லீவரை இழுத்துப் பார்ப்பது என்பதும் அடுத்த தோட்டாவை ஏற்றுவது என்பதும் இதில் ஒரே வேலை.

சரி, ஒரு தடவைக்குப் பதிலாகத் தோட்டா வருவது நிற்கும்வரை இழுத்துக்கொண்டே இருந்தால் போதாதா என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ரைஃபிள் வாங்கி மூன்றாவது வாரம். எட்டுத் தோட்டா போட்டு ஐந்தைச் சுட்டிருந்தேன். இலக்கை மாற்றுவதற்காக எல்லோரும் சுடுவதை நிறுத்தும்படி அறிவிப்பு வந்தது. லீவரை இழுத்தேன், ஒன்று வெளியே விழுந்தது. மறுபடி இழுத்தேன், இன்னொன்று. மூன்றாவது தடவை எதுவும் வரவில்லை. நான்காவது, ஐந்தாவது தடவையும் இல்லை. ஆக ஏழுதான் போட்டிருக்கிறேன் என்று முடிவு செய்து, "காலி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு மேசையில் வைத்துப் பின்னால் நகர்ந்தேன்.

எங்கள் பயிற்சியாளருக்கு எழுபது வயதுக்கு மேல். பக்கத்தில் வந்து நின்று ரைஃபிளை ஒரு பார்வை பார்த்தார்.

"தம்பி, தள்ளி எங்கே?"

எனக்குப் புரியவில்லை. "காலிதான் ஐயா, அஞ்சு தடவை இழுத்துப் பார்த்துட்டேன்" என்றேன்.

"நீங்க எத்தனை தடவை இழுத்தீங்கன்னு நான் கேக்கல. தள்ளி எங்கே, எனக்குக் காட்டுங்க."

தோட்டா போடும் பக்கவாட்டுக் கதவை விரலால் அழுத்தி, சின்ன டார்ச்சை அடித்துக் காட்டச் சொன்னார். குழாயின் வாயில் தள்ளியின் முகம் தெரிய வேண்டும். தெரியவில்லை. இருட்டாக ஒரு பொந்து மட்டும் தெரிந்தது. இன்னும் யாரும் இலக்கின் பக்கம் போகக்கூடாது என்று கை காட்டி நிறுத்திவிட்டு, அவரே ரைஃபிளை எடுத்தார். பேரலின் வாய் மண்மேட்டைப் பார்த்தபடி இருக்க, குழாயின் மேல் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டினார். உள்ளே டக்கென்று ஒரு சத்தம். லீவரை மெதுவாக இறக்கினார். எட்டாவது தோட்டா தூக்கியின் மேல் வந்து உட்கார்ந்தது. பித்தளை பளபளவென்று இருந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. அந்தத் தோட்டாவை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டு, "தோட்டா வரலைங்கிறது சாட்சி இல்ல தம்பி. தள்ளி தெரியுதுங்கிறதுதான் சாட்சி" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கு அதை அவர் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ரைஃபிளைப் பையில் போட்டு வண்டியில் ஏற்றியிருப்பேன். வழியில் ஒரு குலுக்கலில் சிக்கியிருந்த தள்ளி விடுபட்டிருக்கும். வீட்டுக்குப் போய்ப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதற்கு முன்னால், எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று, நீங்கள் எழுதியிருக்கிறீர்களே அதே மாதிரி, லீவரை இறக்கி ஏற்றியிருப்பேன். அடுத்த அறையில் என் பேரன் படித்துக்கொண்டிருப்பான். இதற்குமேல் எழுத எனக்கு மனம் வரவில்லை.

தள்ளி ஏன் சிக்கியது என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. துப்பாக்கி பழுது பார்ப்பவர் குழாயைக் கழற்றும்போது கூட இருந்து பார்த்தேன். குழாய்க்குள் ஒரு பித்தளைக் கம்பியை விட்டு மெல்லச் சுழற்றினேன். பின்முனையிலிருந்து மூன்று விரல் தூரத்தில் ஓரிடத்தில் கம்பி தட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் மரப்பிடி மறைத்துக்கொள்கிற இடம். அங்கே ஒரு சின்ன நசுங்கல், நகத்தால் தடவினால்தான் தெரியும். புத்தம் புதுக் குழாய். கடைசித் தோட்டா மட்டும் மிச்சம் இருக்கும்போது ஸ்பிரிங் நன்றாக விரிந்து பலம் குறைந்துவிடும் அல்லவா, அந்த நேரத்தில் தள்ளி அங்கே மாட்டிக்கொள்கிறது. நிறையத் தோட்டா இருக்கும்போது மாட்டாது. அதனால்தான் முதல் இரண்டு வாரம் எனக்குத் தெரியவே இல்லை. தயாரித்தவர்கள் மறுபேச்சில்லாமல் வேறு குழாய் அனுப்பினார்கள், மாற்றியாகிவிட்டது. ஆனால் புதிது என்பதால் குறை இருக்காது என்று நம்பியது என் தவறு. முப்பத்தோரு வருடம் மற்றவர்கள் கடைந்து கொடுத்ததை அளந்து பார்க்காமல் வாங்கியதில்லை. என் சொந்த ரைஃபிளை மட்டும் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே தோட்டா போட்டுவிட்டேன்.

இந்த இடத்தில் பழைய சரித்திரம் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் கட்டுரையில் லீவர் ரைஃபிளைக் கண்டுபிடித்தவர் வின்செஸ்டர் என்று ஒரு வரி இருக்கிறது. ஆலிவர் வின்செஸ்டர் முதலாளி. அதற்கு முன்னால் சட்டை தைக்கும் தொழிலில் இருந்தவர். அவருடைய நியூ ஹேவன் ஆர்ம்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த பெஞ்சமின் டைலர் ஹென்றி என்பவர்தான் 1860இல் ஹென்றி ரைஃபிளுக்குக் காப்புரிமை வாங்கினார். அதே 1860இல் கிறிஸ்டோபர் ஸ்பென்சர் வேறொரு லீவர் ரைஃபிளுக்குக் காப்புரிமை வாங்கினார். அதில் மேகசின் குழாய் பின்கட்டைக்குள் இருந்தது. இரண்டுமே அமெரிக்க உள்நாட்டுப் போரில் புழங்கியவை.

ஹென்றி ரைஃபிளைப் பற்றி எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இது: அதன் குழாயின் அடியில் நீளவாக்கில் ஒரு பிளவு இருக்கும். தள்ளியோடு சேர்ந்த ஒரு சின்னக் காது அந்தப் பிளவு வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுடச் சுட அந்தக் காது பின்னால் நகர்ந்து வரும். உள்ளே எத்தனை தோட்டா இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம். இடைஞ்சலும் உண்டு. பேரலைத் தாங்கிப் பிடிக்கும் கையில் காது வந்து முட்டும். திறந்த பிளவு வழியாக மண் புகும். அதனால் 1866இல் வந்த வின்செஸ்டர் ரைஃபிளில் நெல்சன் கிங் என்பவர் வடிவமைத்த பக்கவாட்டுக் கதவை வைத்தார்கள். குழாயை முழுக்க மூடினார்கள். மண் உள்ளே போவது நின்றது. கூடவே, உள்ளே இருப்பது நம் கண்ணுக்குத் தெரிவதும் நின்றுபோனது. அன்றைக்கு மறைந்த தள்ளியைத்தான் இன்றைக்கு நான் டார்ச் அடித்துத் தேட வேண்டியிருக்கிறது.

அப்புறம் 1873 மாடல் வந்தது. உள்ளே முழங்கால் மாதிரி மடங்கி நீளும் இரட்டை இணைப்பு, அது நேராக நிமிர்ந்து நிற்கும்போது போல்ட்டைத் தாங்கும். பெரிய தோட்டாவின் அழுத்தத்தை அது தாங்காது என்பதால், 1886 மாடலுக்கு ஜான் பிரவுனிங் போல்ட்டின் இரு பக்கமும் செங்குத்தாக ஏறி இறங்கும் இரண்டு பூட்டுக் கட்டைகளை வைத்து வடிவமைத்தார். அதையே சின்னதாக்கியது 1892 மாடல். என்னுடைய ரைஃபிள் இந்த 1892 வடிவத்தைப் பின்பற்றிச் செய்தது. லீவரை ஏற்றும்போது அந்த இரண்டு கட்டைகளும் மேலே வந்து பொருந்துவதை ரிசீவரின், அதாவது இந்தப் பாகங்களையெல்லாம் தாங்கும் நடு உடம்பின், மேல்பக்கத்தில் பார்க்கலாம். நான் எத்தனையோ பொருத்தங்களைச் செய்து கொடுத்திருக்கிறேன். நூற்று முப்பது வருடத்துக்கு முன்னால் ஒருவர் இதை யோசித்திருக்கிறார் என்பதை நினைத்தால் கை தானாக அதைத் தடவும்.

படத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். லீவர் ரைஃபிளின் பக்கத்தில் அழகுக்காகக் கூர்முனைத் தோட்டாக்களை வரிசையாகப் படுக்க வைத்துப் படம் போட்டிருக்கிறீர்கள். குழாய் மேகசினில் ஒரு தோட்டாவின் மூக்கு அதற்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் பிட்டத்தில் முட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பிட்டத்தின் நட்டநடுவில்தான் பிரைமர் இருக்கிறது, அடி வாங்கினால் பற்றிக்கொள்ளும் பகுதி. கெட்டியான கூர்முனை அங்கே நின்றால், சுடும்போது ஏற்படும் பின்னுதையில் குழாய்க்குள்ளேயே ஒன்று வெடிக்க வாய்ப்பு உண்டு. அதனால்தான் இவற்றுக்குத் தட்டை மூக்குத் தோட்டா. நடுப்பிரைமர் இல்லாமல் விளிம்பில் மருந்து வைத்த .22 தோட்டாவுக்கு இந்தக் கவலை கிடையாது. பெட்டி மேகசின் வைத்த 1895 வின்செஸ்டர், சுழல் மேகசின் வைத்த சாவேஜ் 99 போன்ற லீவர் ரைஃபிள்களுக்கும் கிடையாது. மெத்தென்ற பாலிமர் மூக்கு வைத்து, குழாய்க்கென்றே செய்த கூர்முனைத் தோட்டாக்களும் இப்போது வருகின்றன. ஆனால் உங்கள் படத்தில் இருந்தது முழுக்கச் செம்பு போர்த்திய கூர்முனை. படத்தைப் பார்த்து ஒருவர் வாங்கிப் போட்டுவிடக்கூடாது.

என் ரைஃபிள் .357 மேக்னம். அதில் .38 ஸ்பெஷல் தோட்டாவையும் சுடலாம். குண்டின் விட்டம் ஒன்றேதான், பித்தளைக் கூடு மட்டும் .357இல் சுமார் 3.4 மில்லிமீட்டர் கூடுதல் நீளம். பழைய .38 ரிவால்வருக்குள் பலம் கூடிய தோட்டா போய்விடக்கூடாது என்றுதான் நீட்டினார்கள். நான் பெரும்பாலும் .38தான் சுடுகிறேன். தோளில் உதையே இருக்காது, யாரோ தட்டிக்கொடுத்த மாதிரி இருக்கும். .357 ரைஃபிள் பேரலில் வினாடிக்கு 500 மீட்டரைத் தாண்டிப் போகும். பேரின் மேல் உள்ள மரியாதைக்காக மாதம் ஒரு பெட்டி அதிலும் சுடுவேன். குட்டைக் கூட்டைத் தொடர்ந்து சுட்டால் சேம்பருக்குள் கூட்டின் வாய் நிற்கும் இடத்தில் கரி வளையமாகப் படியும். அதைத் துடைக்காமல் நீளத் தோட்டாவைப் போட்டால் பிடித்துக்கொள்ளும். அதனால் .38இலிருந்து .357க்கு மாறும் நாளில் முதலில் பிரஷ்தான்.

முதல் மாதம் என் காகிதத்தைப் பார்த்தால் யாரோ கைப்பிடி மணலை வீசியது போல இருக்கும். 50 மீட்டரில், தொலைநோக்கி இல்லாமல், பத்துக் குண்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. கை நடுக்கம் என்று நினைத்தேன். பாதிக் காரணம் கண். இந்த வயதில், பேரலின் மேல் குறி பார்ப்பதற்காக இருக்கும் பின்சைட், முன்சைட், அப்புறம் இலக்கு மூன்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. பார்க்கவும் தேவையில்லை என்பதைக் கற்றுக்கொள்ள எனக்கு நான்கு வாரம் ஆயிற்று. முன்சைட்டின் பித்தளை மணி மட்டும் ஊசி முனை மாதிரி தெளிவாகத் தெரிய வேண்டும். இலக்கு மங்கலாகக் கறுப்பு வட்டமாக இருந்தால் போதும். அந்த மணியை வெர்னியரில் அளந்தேன், 1.6 மில்லிமீட்டர். என் கண்ணிலிருந்து அது இருக்கும் தூரத்தை வைத்துக் கணக்குப் போட்டால், 50 மீட்டரில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டரை மறைத்துவிடும். அப்படியானால் கறுப்பு வட்டத்தின் நடுவில் மணியை வைத்தால் எதைக் குறி பார்க்கிறோம் என்றே தெரியாது. வட்டத்தின் அடி விளிம்பில் மணி தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும், பாலாடை மேல் துளி நிற்கிற மாதிரி. பின்சைட்டின் அடியில் இருக்கும் படிக்கட்டுத் தகட்டை ஒரு படி ஏற்றியதும் குண்டு நடுவுக்கு வந்துவிட்டது. இடது பக்கம் விழுந்ததற்குப் பின்சைட்டையே வலது பக்கம் ஒரு தலைமயிர் அளவு தட்டினேன், பித்தளைத் துண்டு வைத்துத்தான், இரும்பு படவிடவில்லை. குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்சைட்டை நகர்த்த வேண்டும். முன்சைட்டை நகர்த்தினால் தலைகீழ். இப்போது என் பத்துக் குண்டும் ஒரு தேநீர்க் கோப்பையின் வாய்க்குள் அடங்குகின்றன. போட்டிக்குப் போகிறவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. எனக்கு இது போதும், இன்னும் சின்னதாக வேண்டும் என்றும் இருக்கிறது.

கட்டுரையில் சுலபம் என்று சொன்னதை நான் முழுக்க மறுக்கவில்லை. சுடுவது சுலபம். லீவர் ஓட்டுவதைத்தான் பழக வேண்டும். புது ரைஃபிள் இறுக்கமாக இருக்கும். நான் ஆரம்பத்தில் பேனாவைத் திறக்கிற மாதிரி பயந்து பயந்து இறக்கினேன். பாதி வழியில் மனம் மாறித் திரும்ப ஏற்றினால் தோட்டா குறுக்கே நின்றுகொள்ளும். அல்லது சுட்ட கூடு வெளியே போகாமல் அங்கேயே கிடக்கும். "முன்னாடி அது போய் நிக்கிற இடம் வரைக்கும் தள்ளுங்க, பின்னாடி கட்டையை வந்து தொடுற வரைக்கும் இழுங்க, நடுவுல யோசிக்காதீங்க" என்பார் பயிற்சியாளர். லீவரை ஓட்டும்போது சுட்டுவிரல் விசையைச் சுற்றிய வளையத்துக்கு வெளியே, ரிசீவரின் பக்கவாட்டில் நீட்டி இருக்க வேண்டும். விசைக்குள் விரலை விட்டுக்கொண்டே லீவரை மூடினால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சினிமாவில் ஒற்றைக் கையால் ரைஃபிளையே சுழற்றி ஏற்றுகிறார்களே, அதை எங்கள் சுடுதளத்தில் ஒருவர் செய்தால் அன்றோடு அவருக்கு வாசல் காட்டிவிடுவார்கள். ஒரு சுழற்றில் பேரலின் வாய் பக்கத்தில் நிற்கும் அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடும்.

என் ரைஃபிள் கூட்டை மேல்நோக்கி எறியும் வகை. ஒரு நாள் சூடான கூடு ஒன்று தலைக்கு மேல் போய்ச் சட்டைக் கழுத்துக்குள் விழுந்தது. அந்தச் சூட்டில் உடம்பு துள்ளத்தான் செய்யும். நல்லவேளை, கை மட்டும் துள்ளவில்லை, பேரல் மண்மேட்டைப் பார்த்தபடியே இருந்தது. அன்றிலிருந்து கழுத்துப் பொத்தான் போட்ட சட்டையும் முன்விளிம்பு வைத்த தொப்பியும் இல்லாமல் நான் சுடுவதில்லை. மார்லின் கம்பெனி 1889லேயே மேல்பக்கத்தை மூடிவிட்டுப் பக்கவாட்டில் கூட்டை எறியும்படி செய்துவிட்டது. தொலைநோக்கி பொருத்த நினைப்பவர்களுக்கு அதுதான் வசதி.

கண்ணாடி, காது மூடி, சுட்டு முடித்ததும் ஈயம் போகச் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, வீட்டில் ரைஃபிள் ஒரு பூட்டிலும் தோட்டா வேறு பூட்டிலும் இருப்பது, இவையெல்லாம் உங்கள் கட்டுரையிலேயே சரியாக இருந்தன. நன்றி.

சுத்தியைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. வெளியே தெரியும்படி சுத்தி வைத்த ரைஃபிள் இது. சேம்பரில் தோட்டா இருக்கிறது, சுத்தி பின்னால் நிற்கிறது, சுட வேண்டாம் என்று தோன்றிவிட்டது. அப்போது புதியவர்கள் கட்டைவிரலால் சுத்தியைப் பிடித்துக்கொண்டு, விசையை அழுத்தி, மெல்ல முன்னால் இறக்கப் பார்ப்பார்கள். கட்டைவிரலில் ஒரு துளி எண்ணெயோ வியர்வையோ இருந்தால் போதும், சுத்தி வழுக்கி விழுந்து சுட்டுவிடும். சுடுதளத்தில் அப்படி இறக்க வேண்டிய அவசியமே இல்லை. விரலை விசையிலிருந்து எடுத்து, பேரலை மண்மேட்டுப் பக்கமே வைத்துக்கொண்டு லீவரைத் திறந்தால் தோட்டா வெளியே வந்துவிடும். கீழே விழுந்ததைத் துடைத்துப் பெட்டியில் போட்டுக்கொள்ளலாம்.

நான் இப்போது காலி செய்யும் முறையை எழுதுகிறேன். இதை வெளியிடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. பேரல் பத்திரமான பக்கத்தைப் பார்க்கட்டும், விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். தோட்டா வருவது நிற்கும்வரை லீவரை முழுதாக ஓட்டுங்கள். அதன்பின் லீவரைத் திறந்தே வைத்துச் சேம்பருக்குள் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். இருட்டில் கண் ஏமாறும், விரல் ஏமாறாது. தூக்கியின் மேல் ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகக் குழாயின் வாயைப் பார்த்துத் தள்ளியைக் கண்டுபிடியுங்கள். திறந்த நிலையில் தூக்கி மறைத்தால் பக்கவாட்டுக் கதவை அழுத்திப் பாருங்கள். தள்ளி கண்ணில் படாதவரை ரைஃபிளில் தோட்டா இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கமிருந்து உள்குழாயை உருவும் வகையாக இருந்தால், முதலில் குழாயை உருவித் தோட்டாக்களைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, பிறகு சேம்பரைப் பாருங்கள். குழாயை உருவியதால் சேம்பர் காலியாகிவிடாது.

தள்ளியின் முகத்தில் கொஞ்சம் ஆரஞ்சு நிறப் பெயிண்ட் தொட்டு வைத்திருக்கிறேன். டார்ச் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிகிறது. என் மகளும் இப்போது என்னோடு சுடுதளத்துக்கு வருகிறாள். ரைஃபிளை அவள் கையில் கொடுப்பதற்கு முன், மருந்தில்லாத போலித் தோட்டா நான்கைப் போட்டு, ஏற்றவும் காலி செய்யவும் இரண்டு வாரம் வீட்டில் பழக்கினேன். அவள் ஒவ்வொரு தடவையும் "அப்பா, தள்ளி தெரியுது" என்று சொல்லி எனக்குக் காட்டிவிட்டுத்தான் கீழே வைப்பாள். நானும் அவளுக்குக் காட்டுகிறேன்.

திருத்தத்தைக் கடைசிப் பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் போடாமல், கட்டுரை வந்த அதே ஞாயிறு இணைப்பிதழில், அதே இடத்தில், அதே அளவு எழுத்தில் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையை வெட்டி வைத்துக்கொண்டவர்கள் திருத்தத்தையும் வெட்டி அதோடு சேர்த்து வைக்க வசதியாக இருக்கும். கூடவே ஒரு படம் போட முடிந்தால், லீவர் திறந்த நிலையில், சேம்பர் காலியாக, குழாயின் வாயில் தள்ளி தெரியும்படி என் ரைஃபிளைப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி